காற்றோடு எடுத்த படங்கள்

மலைக்குப் போக ஏற்ற காலம் ஏப்ரல், மே என்று நம்மூரில் யாரோ எழுதி வைத்துவிட்டார்கள். பள்ளி விடுமுறை, ஊட்டி மலர்க் கண்காட்சி, படகு சவாரி. அப்போது கண்ணில் படும் பூக்கள் பெரும்பாலும் தொட்டியிலும் பாத்தியிலும் வளர்ந்தவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்தப் பூக்களில் பல முகம் காட்டுவது ஜூனுக்குப் பிறகுதான். ஓட்டல்காரர்கள் அறை வாடகையைக் குறைக்கும் மாதங்கள் அவை. நாம் கேமராவை பீரோவில் வைத்துப் பூட்டும் மாதங்களும் அவைதான்.

அந்த மாதங்களில் அங்கங்கே கிறுக்கி வைத்தவை இவை. வரிசை கிடையாது.

*

வால்பாறை, ஜூலை. ஆழியாற்றிலிருந்து ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் வெயில். பாதி ஏறியதும் வைப்பர் போட வேண்டியிருக்கிறது. சாலைக்காக வெட்டிய பாறை முழுக்க நீர்க்கசிவு. அந்தக் கசிவில்தான் காசித்தும்பைகள் குடியிருக்கின்றன.

நம் வீட்டு வாசலில் பூக்கும் காசித்தும்பையின் காட்டுச் சொந்தங்கள் இவை. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ நூறு வகை உண்டு. பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் கிடையாது. சிலவற்றுக்குத் தண்டே இல்லை. பாறை இடுக்கில், பாசிக்குள் ஒரு சின்னக் கிழங்கு. பருவமழை இறங்கியதும் அதிலிருந்து சில இலைகள், ஒரு காம்பு, காம்பின் தலையில் இளஞ்சிவப்பாக நாலைந்து பூ. மழை ஓய்ந்தால் இலையும் காம்பும் வாடிக் கிழங்கு மட்டும் மிஞ்சும். ஜனவரியில் அதே வளைவில் வண்டியை நிறுத்திப் பார்ப்பவருக்கு அது வெறும் பாறை.

பூவுக்குப் பின்னால் வால்போல ஒரு குழல் நீண்டிருக்கும். தேன் இருப்பது அதில். மழையில் அந்த நுனியில் எந்நேரமும் ஒரு துளி தொங்குகிறது. ஒன்று விழுந்ததும் அடுத்தது திரளத் தொடங்குகிறது. துளிக்குள் எதிர்ச்சரிவு தலைகீழாகத் தெரியும், தேயிலை வரிசைகள் உட்பட. துளியின் விளிம்புக்குக் குவியம் வைத்தால் உள்ளே இருக்கும் தேயிலை மங்குகிறது. தேயிலைக்கு வைத்தால் விளிம்பு கரைகிறது. மேக்ரோ லென்ஸில் நிஜ அளவுக்கு நெருங்கி எடுக்கும்போது எஃப் 11 வைத்தாலும் தெளிவாக விழுவது ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். அந்த ஒரு மில்லிமீட்டரை எங்கே வைப்பது என்பதில்தான் படமே இருக்கிறது. நான் தேயிலைக்குக் கொடுத்தேன்.

*

கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த அக்கா ஒருவர், தலையில் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டபடி வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, இந்தக் களையையா போட்டோ புடிக்கிறீங்க?"

"பூ நல்லா இருக்கேக்கா."

"பூ வேணும்னா பம்ப் ஹவுஸ் பின்னாடி இருக்கற பாறைக்குப் போங்க. அப்பிக் கெடக்கும். வெறுங்காலோட போயிறாதீங்க, அட்டை சும்மா விடாது."

அவர் சொன்ன இடத்தில் பூ அப்பித்தான் கிடந்தது. அட்டையும்.

அட்டைக்கு எஸ்டேட்டில் உப்பு, சுண்ணாம்பு, மூக்குப்பொடி என்று ஆளுக்கொரு வைத்தியம். முழங்கால்வரை இறுக்கிக் கட்டும் நெருக்கமான நெசவுத் துணி உறை இவை எல்லாவற்றையும்விட மேல். கடித்த இடத்தில் ரத்தம் வெகுநேரம் கசியும். உறையவிடாத பொருள் அதன் எச்சிலில் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஷட்டரை அழுத்தும் நொடியில் அது கழுத்தில் ஊர்ந்தால்தான் சங்கடம்.

*

மேகம் மூடிய வானத்தில் எடுத்தால் படம் டல்லடிக்கும் என்பார்கள். வானத்தைச் சேர்த்து எடுத்தால் டல்லடிக்கலாம். பூவுக்கு அதைவிட நல்ல ஒளி இல்லை. உச்சி வெயிலில் வெள்ளை இதழ் வெளுத்துப்போய் நரம்பு தெரியாது, நிழல் பக்கம் கறுத்துவிடும். மேகத்தினூடே வரும் ஒளி எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவதால் இதழ் மடிப்பு மடிப்பாகப் பதிவாகும்.

நனைந்த இலை நல்ல பச்சையாகத் தெரியும் என்பது பாதி உண்மைதான். இலைமேல் நிற்கும் நீர்ப்படலம் வெள்ளை வானத்தைத் திருப்பிக் காட்டுவதால் பச்சைக்கு மேல் ஒரு பளபளப்பு படிந்துவிடுகிறது. போலரைசிங் ஃபில்டரை மெல்லத் திருப்பினால் அந்தப் பளபளப்பு வடிந்து அடியிலிருக்கும் நிறம் மேலே வரும். இதற்குக் கூலியாக ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே இருட்டிக்கிடக்கும் சோலைக்குள் அது பெரிய தொகை.

மூடுபனியைப் பார்த்துக் கேமரா ஏமாறும். வெள்ளையை எல்லாம் சாம்பலாக்க நினைக்கும். முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் கூட்டி வைத்தால்தான் பனி பனியாக இருக்கும்.

*

காற்றைப் பற்றி நிறைய எழுதலாம்.

பூப்படம் கற்றுத்தரும் புத்தகங்களில் காற்றுதான் வில்லன். செடியைப் பிடித்துக்கொள்ளக் கவ்வி வாங்கு, குடையால் மறை, ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்று, ஷட்டரை 1/500 நொடிக்குக் கொண்டுபோ. எல்லாம் சரியான யோசனைகளே. என் பையிலும் ஒரு வெள்ளைக் குடை உண்டு. காற்றையும் தடுக்கும், ஒளியையும் மென்மையாக்கும், மழை வலுத்தால் குடையாகவும் பயன்படும்.

இன்னொரு வழி, பொறுத்திருந்து பார்ப்பது. நீலகிரியின் மேற்கு விளிம்பில் புல்வெளிக்கு எதிரே நின்றால் காற்று வருவது கண்ணுக்குத் தெரியும். எதிர்ச்சரிவில் புல் படுத்து நிமிர்ந்துகொண்டே ஒரு கோடு இறங்கிவரும். பள்ளத்தில் மறைந்து, நம் பக்கத்துச் சரிவில் மறுபடி ஏறி, காலடிப் புல்லை அசைத்துவிட்டு, அதன்பிறகு கன்னத்தில் அறையும். அது போனபின் சில நொடிகள் எல்லாம் நிற்கும். அந்த இடைவெளியில் 1/60 நொடியில்கூட அசங்காத பூ கிடைக்கும். இரண்டு மூன்று முறை கவனித்தால் இந்தத் தாளம் பிடிபட்டுவிடும்.

இப்படிக் காத்திருந்து எடுத்த படங்கள் என்னிடம் கொஞ்சம் உண்டு. தெளிவானவை, சுத்தமானவை. ஆனாலும் ஆடி மாதத்தில், அந்த விளிம்பில், ஆடாமல் அசையாமல் நிற்கும் ஒரு பூவின் படம் வரவர எனக்குப் பொய்யாகப் படுகிறது. அந்த இடத்தின் உயிர்களை உருட்டித் திரட்டியதில் காற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. புல் குத்துக்குத்தாக வளர்கிறது. செடிகள் தரையோடு தரையாகப் படர்கின்றன. சோலை மரங்கள் மலை மடிப்புக்குள் ஒதுங்கி, கத்தரித்துவிட்டதுபோல ஒரே மட்டமாக உச்சியை வைத்துக்கொண்டு நிற்கின்றன. காற்றை நீக்கிவிட்டு அங்கே பூவை மட்டும் காட்டுவது, ஸ்டுடியோவில் வரைந்த திரைச்சீலைக்கு முன்னால் மாப்பிள்ளையை நிறுத்துகிற வேலை.

எனவே இப்போதெல்லாம் பல நேரம் எதிர்த்திசையில் போகிறேன். ஐஎஸ்ஓ 100, எஃப் 16, ஷட்டர் கால் நொடியிலிருந்து அரை நொடி. ட்ரைபாடை நன்றாக ஊன்றி, சட்டகத்துக்குள் ஒரு பாறையையாவது சேர்த்துக்கொள்வது. பாறை கல்லாக இருந்தால்தான் புல்லின் ஓட்டம் ஓட்டமாகத் தெரியும். எல்லாமே கலங்கியிருந்தால் அது கை நடுக்கம் என்று பார்ப்பவர் முடிவுகட்டிவிடுவார். ஆடும் பூ ஊஞ்சலைப்போல இரு முனைகளிலும் கணநேரம் தயங்கித்தான் திரும்பும். அரை நொடிப் படத்தில் அந்த இரண்டு தயக்கங்களும் அழுத்தமாக விழுந்து, நடுவே நிறம் மட்டும் இழுபட்டிருக்கும். ஒரே பூ இரண்டு பூவாகத் தெரியும். தாவரவியல் நண்பருக்குக் காட்டினால் "இதை வெச்சு இனம் சொல்ல முடியாது" என்பார். சொல்ல வேண்டாம். காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று அந்தப் படம் சொல்லும்.

*

தென்மேற்குப் பருவமழையில் மேகம் வரும் திசை தென்மேற்கு. அதைப் பார்த்து நின்றால் லென்ஸ் முழுக்கத் துளி. துளிக்குப் பயந்து முதுகைக் காட்டி நின்றால் கண்ணில் படுவது ஏற்கெனவே கடந்துபோன மேகம். இதற்குத் தீர்வு கிடையாது. சட்டைப்பையில் நாலைந்து உலர்ந்த துணி, அவ்வளவுதான்.

*

மழை தாங்கும் என்று சொல்லி விற்கும் லென்ஸ்களில் சிலவற்றுக்கு முன்னால் ஒரு ஃபில்டரைப் பூட்டினால்தான் அடைப்பு முழுமையாகும். கையேட்டில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

ஓட்டல் குளியலறையில் தரும் தலையுறையைவிட நல்ல கேமரா உறையை நான் பார்த்ததில்லை. நீலகிரி செக்போஸ்டில் மட்டும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை. பையைச் சோதித்த காவலர் தலையுறையைத் தூக்கிப் பிடித்து, "இது யாருக்கு சார்?" என்றார். கேமராவுக்கு என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "திரும்பிப் போறப்ப காட்டிட்டுப் போங்க" என்று அனுப்பிவிட்டார். காட்டிவிட்டுத்தான் இறங்கினேன்.

நனைவதைவிட நனைந்தபின் செய்வதில்தான் கேமராக்கள் சாகின்றன. குளிரில் ஊறிய கேமராவை அடுப்பு எரியும் அறைக்குள் அப்படியே கொண்டுபோனால் உள்ளுக்குள் நீர் கோத்துக்கொள்ளும். வெளியிலேயே காற்றுப் புகாத பைக்குள் போட்டு மூடி, அறைச் சூட்டுக்கு வந்தபின் திறக்க வேண்டும். அரிசிப் பானைக்குள் புதைக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம், தூசுதான் மிச்சம். சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பா போதும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் பூஞ்சை பிடிக்காது. பிடித்துவிட்டால் சிலந்திவலை நூல்போல லென்ஸுக்குள் பரவும். கோயம்புத்தூரில் பழுது பார்ப்பவர் ஒருவர் அப்படிப்பட்ட லென்ஸ்களைத் தனி அலமாரியில் வைத்திருக்கிறார். மற்றவற்றோடு சேர்ப்பதே இல்லை.

*

பிரையன் பிரேக் நியூசிலாந்துக்காரர். இந்தியாவின் மழைக்காலத்தை அவர் எடுத்த படத்தொடர் 1961இல் லைஃப் இதழில் வந்தது. அதில் உலகம் முழுக்கப் போன படம், மழையில் முகத்தை நிமிர்த்திக் கண்மூடி நிற்கும் ஒரு சிறுமி. அந்தச் சிறுமிதான் பின்னாளில் நடிகையும் இயக்குநருமான அபர்ணா சென். எடுத்த இடம் கல்கத்தாவில் ஒரு மொட்டைமாடி. மேலிருந்து பூவாளியால் ஊற்றிய நீர்தான் மழை.

அந்தப் படம் எனக்குப் பிடிக்கும். இருந்தாலும் காட்டுப்பூக்காரர்கள் பையிலிருந்து ஸ்ப்ரே பாட்டிலை எடுக்கும்போதெல்லாம் அந்தப் பூவாளிதான் ஞாபகம் வருகிறது. தெளித்த துளிகள் எல்லாம் ஒரே அளவு. இதழின் மேற்பரப்பெங்கும் சீராக உட்கார்ந்திருக்கும். மழைத்துளி அப்படி உட்காராது. நரம்பைப் பிடித்து ஓடும், ஒன்றோடொன்று சேர்ந்து பெருக்கும், தாழ்ந்த நுனிக்குப் போய்த் தொங்கும். கூடவே மண்ணும் தெறித்திருக்கும். காம்பின் அடியில் சேறு படியாத ஒரு "மழைப்பூ" படத்தைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள்.

*

கேமராவுக்கு முன்பே இந்தப் பூக்களைப் பதிவு செய்த கைகள் உண்டு. ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்துக்கொண்டே தாவரங்களைத் தொகுத்தார். அவருக்காகச் செடிகளை வரைந்தவர்கள் இருவர். முதலில் ரங்கையா, பிறகு கோவிந்து. 1838இலிருந்து 1853வரை பகுதி பகுதியாக வெளிவந்த வைட்டின் பெரிய படத்தொகுப்பு இவர்களுடைய கைவேலை. ஆர்க்கிட் பேரினம் ஒன்றுக்குக் கோவிந்துவின் பெயரையே வைட் சூட்டினார். பின்னால் வந்த வகைப்பாட்டில் அந்தப் பெயர் வழக்கொழிந்தது வேறு விஷயம்.

அந்த ஓவியங்களில் காற்று இல்லை, மழை இல்லை, பின்னணியே இல்லை. வெள்ளைத் தாளில் செடி, பக்கத்தில் பிரித்து வைத்த பூவின் உறுப்புகள். இனம் அறிய அது போதும். அதைவிடத் துல்லியமாக நம் மேக்ரோ லென்ஸ் ஒன்றும் செய்துவிடுவதில்லை. அந்த வேலையை அவர்கள் முடித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது வானிலைதான்.

நம் காலத்துக்கு நெருக்கமானவர் மா. கிருஷ்ணன். 1950இலிருந்து 1996இல் மறையும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றிப் பத்தி எழுதியவர். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒன்றைக் கட்டி, அதற்குக் குறும்பாக சூப்பர் பாண்டரோசா என்று பெயரும் வைத்தார். அதை வைத்துக்கொண்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்திருக்கிறார். தலைப்பு 'மழைக்காலமும் குயிலோசையும்'. கேமரா வாங்கக் கடன் போடுகிறவர்கள் முதலில் இதை வாங்கிப் படிக்கலாம், விலை குறைவு.

*

நீலகிரி லில்லிக்கு அறிவியல் பெயர் வைத்தவரும் அதே வைட்தான். தென்னிந்திய மலைகளில் இயற்கையாக வளரும் ஒரே உண்மையான லில்லி. ஆகஸ்ட், செப்டம்பரில் புல்வெளி ஓரங்களிலும் பாறைச் சரிவிலும் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைக் குழலாகப் பூக்கும். செடி ஒல்லி, பூ கனம். சாரலில் பூ பக்கவாட்டில் நீண்டு நிற்பதால் குழலுக்குள் நீர் அதிகம் தேங்குவதில்லை. மூடுபனிப் பின்னணியில் வெள்ளைப் பூவை எடுப்பது சுலபமில்லை. இரண்டும் ஒன்றாகக் கரைந்துவிடும். கொஞ்சம் கீழே உட்கார்ந்து, பின்னால் கறுத்த சோலை வரும்படி நகர்ந்துகொண்டால் பூ பிரிந்து நிற்கும்.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சதுப்பில் கூட்டமாகப் பூக்கும் இன்னொரு வெள்ளை லில்லியை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. புல்வெளியில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஸ்காட்ச் புரூம் ஐரோப்பியச் செடி. சாலையோர உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டத்தது. "நீலகிரிக் காட்டுப்பூக்கள்" என்ற தலைப்போடு சுற்றும் ஆல்பங்களில் இவைதான் முன்வரிசையில் இருக்கின்றன. அழகுக்குக் குறைவில்லை. ஆனால் இவை பரவிய இடத்தில் புல்வெளிக்குச் சொந்தமான சின்னப் பூக்களுக்கு இடம் சுருங்குகிறது. படத்துக்கு அடியில் செடியின் பெயரையாவது சரியாகப் போடலாம்.

*

குறிஞ்சியின் நிறம் இன்னும் எனக்கு வசப்படவில்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. பனி சூழ்ந்த நேரத்தில் தானியங்கி ஒயிட் பேலன்ஸில் விட்டால் ஒரு படத்தில் ரோஜா நிறம், அடுத்த படத்தில் மைநீலம். மேகமூட்டத்துக்கான அமைப்பில், 6000 கெல்வின் சுமாருக்கு நிறுத்திவிட்டு அப்படியே விட்டுவிடுவது நல்லது. எல்லாப் படமும் ஒரே மாதிரி தப்பாக இருந்தால் திருத்த வசதி. ஃபிலிம் காலத்திலும் இதே கதைதான். சில நீலப்பூக்கள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஓரத்து ஒளியையும் திருப்பி அனுப்புவதால் வண்ண ஃபிலிமில் சிவந்து விழும்.

2018இல் மூணாறிலும் கொடைக்கானலிலும் குறிஞ்சி பூத்தது. அந்த ஆகஸ்டில்தான் கேரளத்தில் பெருவெள்ளம். சாலைகள் துண்டாகி, எதிர்பார்த்த கூட்டம் மூணாறுக்கு வர முடியவில்லை. பூ பூத்தது. பார்க்கத்தான் ஆளில்லை. கூட்டம் வராமல் போனதில் குறிஞ்சிக்கு நஷ்டம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

செல்போனில் சுற்றிய படங்களில் மலை முழுக்க ஊதா மை கொட்டிவிட்டதுபோல இருக்கும். நேரில் போனவர்கள் ஏமாந்தார்கள். சாரலில் நின்று பார்த்தால் குறிஞ்சி மலை அடங்கிய நிறம்தான். பனி விலகும்போது கொஞ்சம் தூக்கலாகவும் மூடும்போது சாம்பலாகவும் மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றத்தை எடுத்தால் போதும், மென்பொருளில் திருகிக் கூட்ட வேண்டியதில்லை.

*

இடி, மின்னல். ஆடிச் சாரலில் இவை குறைவு. நம் ஊரில் இடி அதிகம் முழங்குவது சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும்தான். மலைக்காரர்களைவிட சமவெளிக்காரர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய விஷயம் இது. இந்தியாவில் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்டவர்கள் மின்னல் தாக்கிச் சாகிறார்கள். வயலில் வேலை செய்பவர்களும் ஆடுமாடு மேய்ப்பவர்களுமே அதிகம். வெட்டவெளியில் ட்ரைபாடோடு நிற்கிறவரும் மின்னலுக்கு அதே கணக்குத்தான். கார்பன் ஃபைபர் ட்ரைபாட் என்றாலும் மின்சாரம் பாயும்.

மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்க வேண்டும். ஒலி ஒரு கிலோமீட்டர் வர மூன்று நொடி ஆகும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. காருக்குள் ஏறிக் கதவை மூடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை இறங்காதீர்கள். தனி மரத்தடி ஆகவே ஆகாது. புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய தாமினி என்ற செயலி, நாம் இருக்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் இருந்தால் எச்சரிக்கும்.

மின்னலையே எடுக்க ஆசை இருந்தால் இரவில், வீட்டுக்குள் இருந்துகொண்டு ஜன்னல் வழியாக எடுக்கலாம். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 15 அல்லது 20 நொடி. தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருந்தால் ஏதாவது ஒன்றில் விழும். திறமை தேவையில்லை, பொறுமை போதும்.

*

நீலகிரியின் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8 அன்று பதிவான ஒரே நாள் மழை 80 சென்டிமீட்டருக்கும் மேல். சென்னையில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதில் பாதிக்கு மேல். அந்தப் பக்கம் ஜீப் ஓட்டும் அண்ணன் ஒருவர் சொன்னார்: "சார், மழையைப் பாக்கலாம்னு வர்றாங்க. மழை நம்மளைப் பாக்கற நாளும் இருக்கு."

வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் ஒரு நாளில் 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதிகனமழை. ரெட் அலர்ட் வந்துவிட்டால் சுற்றுலா இடங்களை மூடிவிடுவார்கள். மூடிய தடுப்புக்கு அப்பால் நல்ல படம் இருக்கிறது என்று தோன்றும். தோன்றட்டும்.

மூணாறுக்குப் பக்கத்தில் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. 70 பேர். பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களும் அவர்கள் பிள்ளைகளும். இரவிகுளம் குறிஞ்சிச் சரிவுகள் அங்கிருந்து தூரமில்லை. தேயிலைச் சரிவில் கறுத்த மேகம் இறங்கும் காட்சியைப் பெட்டிமுடிக்கு முன்பு எடுத்த கண்ணோடு இப்போது எடுக்க முடியவில்லை. சட்டகத்தின் கீழ் மூலையில் லயன் கூரைகள் வந்தால் முன்பெல்லாம் வெட்டிவிடுவேன். இப்போது விட்டுவைக்கிறேன்.

*

மலைக்குப் போக முடியாதவர்களுக்குக் காந்தள் இருக்கிறது. மாநில மலர். வடகிழக்குப் பருவமழையில் சமவெளி வேலிகளிலும் குன்றடிப் புதர்களிலும் ஏறும். இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொள்ளும். இதழ்கள் ஆறு. பச்சையாகத் தொடங்கி, மஞ்சளாகி, சிவந்து முடியும். ஒரே கொடியில் மூன்று நிறத்தையும் பார்க்கலாம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் முதலில் வருவது இதுதான். கிழங்கு முதல் விதைவரை நஞ்சு, குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள் கவனம். கொடி எதையாவது பற்றிக்கொண்டு நிற்பதால் காற்றிலும் அதிகம் ஆடாது. பூவெடுக்கப் பழகுகிறவருக்கு நல்ல தொடக்கம்.

மாலையில் மழை விட்டு மேற்கே சூரியன் எட்டிப் பார்த்தால் உடனே கிழக்கே திரும்புங்கள். வானவில் சூரியனுக்கு நேர் எதிரே, எதிர்ப்புள்ளியைச் சுற்றி 42 பாகையில் விழும். சூரியன் அதைவிட உயரத்தில் இருந்தால் தரையில் நிற்பவருக்கு வில் தெரியாது. நண்பகலில் தேட வேண்டாம். போலரைசிங் ஃபில்டர் மாட்டியிருந்தால் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கோணத்தில் வில் அழுத்தமாகும், இன்னொரு கோணத்தில் காணாமலே போய்விடும்.

*

நடைமுறை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். முக்கூர்த்தி, கிராஸ் ஹில்ஸ் போன்ற இடங்களுக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. ட்ரோனை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

மகாராஷ்டிரத்தில் சாத்தாராவுக்கு அருகே காஸ் பீடபூமி இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உலகப் பாரம்பரியத் தலங்களில் ஒன்றாக 2012இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஆகஸ்ட் இறுதியிலிருந்து பாறைமேல் ஓர் அங்குல மண்ணில் பூ விரிப்பு. கூட்டம் மிதித்துத் தள்ளியதால் ஒரு கட்டத்தில் வேலி போட்டார்கள், ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று எண்ணி விட்டார்கள். வேலி படத்தைக் கெடுக்கிறது என்று அலுத்துக்கொண்ட புகைப்படக்காரர்களை அங்கே பார்த்திருக்கிறேன். வேலி வருவதற்கு நம் ஆட்களும் ஒரு காரணம்.

*

மூணாறு, கொடைக்கானல் குறிஞ்சிக்கு அடுத்த முறை 2030. அந்தச் செடி பூத்து, விதைத்து, செத்துப்போகும். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரே வாய்ப்புதான். பறித்த கொத்தும் மிதித்த செடியும் விதையாவதில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இப்போது குறிஞ்சியும் இருப்பதால் பறிப்பது குற்றமும்கூட. 2030இல் போகிறவர்கள் பாதையை விட்டு இறங்காமல், முட்டி போடும் இடத்தில் செடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முட்டி போடுங்கள். நெருங்க முடியாவிட்டால் நீள லென்ஸ் கொண்டுபோங்கள். அதுவும் இல்லையென்றால் பாதையிலேயே நின்று, காற்று அடிக்கும்போது ஒன்று எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.